தொட்டால் கசியும் கண்ணாடி

ஒளி நடந்த வழி – 9

கண்ணாடி டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, பக்கவாட்டில் விரல்களால் பிடித்துக்கொண்டு, மேலிருந்து தண்ணீருக்குள் குனிந்து பார்க்க வேண்டும். டம்ளரின் பக்கச் சுவர் வெள்ளி பூசியதுபோல மின்னும். அந்தச் சுவருக்கு அப்பால் இருக்கும் விரல்கள் தெரியாது. டம்ளரைப் பிடித்திருக்கிறோம் என்று கை சொல்கிறது. விரலே இல்லை என்று கண் சொல்கிறது. இப்போது விரலைச் சற்று ஈரமாக்கி அழுத்தினால், மின்னும் சுவரின் நடுவே கைரேகை எழும்பும். முழு விரல் அல்ல, ரேகையின் மேடுகள் மட்டும், கோடு கோடாக.

பள்ளிப் பாடப் புத்தகத்தில் இதற்கு முழு அக எதிரொளிப்பு என்று பெயர். பாடத்தில் வரும் படங்களில் ஒளி உள்ளேயே திரும்புவதுதான் பெரிதாகக் காட்டப்படும். ஆனால் அன்றாட வாழ்க்கையில் இந்த விதி புகுந்திருக்கும் கருவிகளைப் பார்த்தால், பலவும் அது உடைகிற இடத்தில்தான் பிழைப்பு நடத்துகின்றன.

சென்ற வாரம் பார்த்த ஒளிவிலகல்தான் இதற்கும் அடிப்படை. தண்ணீரிலிருந்து காற்றுக்குள் போகும் கதிர், செங்குத்துக் கோட்டை விட்டு விலகிச் சாய்கிறது. உள்ளே சாய்வு கூடக் கூட, வெளியே அது இன்னும் வேகமாகக் கூடுகிறது. தண்ணீருக்குள் சாய்வு ஏறத்தாழ 49 டிகிரியைத் தொட்டதும் வெளியேறும் கதிர் 90 டிகிரி சாய்ந்து பரப்பை உரசிக்கொண்டு ஓடும். அதற்கும் மேல் சாய்ந்தால் வெளியே போக வழி இல்லை; வந்த ஒளி அத்தனையும் உள்ளே திரும்பும். இந்த எல்லைதான் மாறுநிலைக் கோணம். சாதாரணக் கண்ணாடிக்கு அது 42 டிகிரிக்குச் சற்றுக் கீழே. வைரத்துக்கு 24 டிகிரிதான். ஒளிவிலகலுக்கான சரியான சூத்திரத்தை ஸ்நெல் 1621-இல் கண்டுபிடிப்பதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1611-இல், கண்ணாடிக்கு இந்த எல்லை 42 டிகிரி என்று கெப்ளர் எழுதிவிட்டார். சூத்திரம் கையில் இல்லாமல் அளந்தே சொன்னது அது.

‘முழு’ என்ற சொல்லுக்கு இங்கே முழு மதிப்பு உண்டு. முகம் பார்க்கும் கண்ணாடி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஒளியை விழுங்கிவிடும். நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டுமே இழக்கும் நல்ல கண்ணாடி என்றே வைத்துக்கொண்டாலும், ஐம்பது முறை மோதிய பிறகு எட்டுப் பங்குகூட மிஞ்சாது. முழு அக எதிரொளிப்பில் அந்த இழப்பு கிடையாது. அதனால்தான் பைனாகுலருக்குள் வெள்ளி பூசிய கண்ணாடிகளுக்குப் பதிலாக முப்பட்டகங்கள் இருக்கின்றன. ஒளி அவற்றில் 45 டிகிரியில் மோதுகிறது, அதாவது எல்லையை மூன்று நான்கு டிகிரி மட்டும் தாண்டி.

ஆனால் இந்தக் கண்ணாடிக்குப் பூச்சு இல்லை. வெளியே இருக்கும் காற்றுதான் அதன் பூச்சு. காற்றை விலக்கிவிட்டு அங்கே தண்ணீரோ எண்ணெயோ விரலோ வந்து உட்கார்ந்தால் கணக்கு மாறிவிடும்.

வைரத் தோடு போட்டவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான், காரணம்தான் வேறாகச் சொல்லப்படும். கல்லின் பின்பக்கத்தில் எண்ணெயும் சோப்பும் படிந்தால், 24 டிகிரியாக இருந்த எல்லை 37 டிகிரி வரை ஏறிவிடுகிறது. உள்ளேயே திரும்பி முன்பக்கம் வந்திருக்க வேண்டிய ஒளி பின்வழியே போய்விடுகிறது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்க்கும்போது கல்லுக்குப் புதிதாக எந்தப் பளபளப்பும் ஏறுவதில்லை. அதன் முதுகுக்குக் காற்று திரும்பக் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

தொடாமலே உடைவதும் உண்டு. நியூட்டன் தன் ‘ஆப்டிக்ஸ்’ நூலில் இதைக் கவனித்திருக்கிறார். பட்டகத்தின் முகத்தில் லேசாக வளைந்த வில்லை ஒன்றை அழுத்தினால், இரண்டும் தொடும் புள்ளியில் மட்டுமின்றி, அதைச் சுற்றி மெல்லிய காற்று இருக்கும் இடத்திலும் ஒளி கடந்து போகிறது. உள்ளே திரும்புகிற ஒளி பரப்பிலேயே சட்டென்று திரும்பிவிடுவதில்லை. தன் அலைநீளம் அளவுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறது. எட்டிப் பார்க்கும் தூரத்துக்குள் இன்னொரு கண்ணாடி இருந்தால் அதற்குள் தாவிவிடும். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அந்தத் தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, கையால் அளக்க முடியாது. கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் ஜகதீஷ் சந்திர போஸ் இதற்கு ஒரு சுற்றுவழி கண்டார். ஒளிக்குப் பதிலாக, அலைநீளம் மிகப் பெரிதான மின்காந்த அலைகளை எடுத்துக்கொண்டு, இரண்டு பட்டகங்களுக்கு நடுவே காற்று இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் எவ்வளவு அலை தாவுகிறது என்று பார்த்தார். 1897-இல் ராயல் சொசைட்டிக்கு அனுப்பிய கட்டுரையில் அது இருக்கிறது. அவர் பெயரைச் செடிகளோடு மட்டும் சேர்த்துச் சொல்வது நமக்கு வழக்கமாகிவிட்டது.

டம்ளர் சோதனைக்கு ரேஷன் கடையில் ஒரு பெரிய தம்பி இருக்கிறான். கைரேகைக் கருவிகள் பலவற்றில், விரல் வைக்கும் பளபளப்பான சின்னச் சதுரம் ஒரு பட்டகத்தின் முகம். கீழிருந்து ஒளி சாய்வாக அடிக்கிறது. ரேகையின் பள்ளங்களில் காற்று இருப்பதால் அங்கே ஒளி முழுவதும் திரும்பிக் கேமராவுக்குப் போகிறது. மேடுகள் கண்ணாடியை ஒட்டும் இடத்தில் ஒளி தோலுக்குள் போய்விடுகிறது, அங்கே கறுப்பு. கறுப்பும் வெள்ளையுமாகக் கிடைக்கும் அந்தப் படம்தான் கணினி ஒப்பிட்டுப் பார்க்கும் கைரேகை.

எல்லாம் சரியாக நடந்தால். “கையைத் துடைச்சிட்டு வைங்க பாட்டி” என்று கடைக்காரர் சொல்வதும், அப்படியும் பதியாமல் “விரலைத் தலையில தேய்ச்சிட்டு வைங்க” என்று அடுத்த யோசனை சொல்வதும் ஒரே இயற்பியலின் இரண்டு முனைகள். ஈரக்கையில் பள்ளங்களிலும் தண்ணீர் நிரம்பி, மேடு பள்ளம் எல்லாம் ஒன்றாகக் கறுத்துவிடும். வறண்ட விரலில் மேடுகளே கண்ணாடியை முழுக்க ஒட்டாமல் நடுவில் காற்று தங்கிவிடும். தலையில் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும் துளி எண்ணெய் அந்தக் காற்றை வெளியேற்றும். பாத்திரம் தேய்த்தும் செங்கல் சுமந்தும் ரேகை தேய்ந்துபோன விரலுக்கு மட்டும் எண்ணெயும் உதவாது. அதிகம் உழைத்த கைக்குத்தான் இந்தக் கருவி அதிகம் மறுப்புச் சொல்கிறது. கருவிழியைப் படிக்கும் கருவி கடைகளுக்கு வரத் தொடங்கியதற்கு அதுவே காரணம்.

கார்களில் மழை விழுந்ததும் வைப்பர் தானாக ஓடுவதும் இதே வேலைதான். ஓட்டுநர் பின்புறம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சிறு பெட்டி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை ஏறத்தாழ 45 டிகிரிச் சாய்வில் கண்ணாடிக்குள் செலுத்துகிறது. வெளியே காற்று இருந்தால் எல்லை 42, அதனால் ஒளி முழுவதும் திரும்புகிறது. துளி விழுந்த இடத்தில் எல்லை 61-க்கு ஏறிவிடும். 45 போதாது, ஒளி கசியும். திரும்பி வரும் ஒளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மழை.

கரும்புக் காட்டில் இந்தக் கசிவு ஓர் அளவுகோலாகவே ஆகிவிட்டது. சர்க்கரை ஆலையின் களப்பணியாளர் கரும்பில் துளையிட்டுச் சாறு எடுத்து, கையடக்கமான ரிஃப்ராக்டோமீட்டரின் பட்டகத்தில் ஒரு சொட்டு வைத்து, மூடியை மூடி வெளிச்சத்தை நோக்கிப் பார்ப்பார். வட்டத்துக்குள் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் வெள்ளை. இரண்டும் பிரியும் கோடுதான் அந்தச் சாற்றுக்கும் பட்டகத்துக்கும் இடையிலான மாறுநிலைக் கோணம். சர்க்கரை கூடினால், ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் சாற்றுக்குக் கூடும்: வெறும் தண்ணீருக்கு 1.333, நூற்றுக்கு இருபது பங்கு சர்க்கரை கலந்தால் 1.364. கோடு அதற்கேற்ப நகரும், பக்கத்திலேயே சர்க்கரையின் பங்கைச் சொல்லும் பிரிக்ஸ் அளவு எழுதியிருக்கும். அடிக்கணுவிலும் நுனிக்கணுவிலும் எடுத்த அளவுகள் நெருங்கிவந்தால் கரும்பு முற்றிவிட்டது, வெட்டலாம். பேட்டரி இல்லை, மின்சாரம் இல்லை. ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் அபே 19-ஆம் நூற்றாண்டில் வடிவமைத்த கருவியின் எளிய வாரிசு இது. இந்தப் பட்டியலிலேயே மிக அழகான கருவி எது என்று கேட்டால் இதற்குத்தான் ஓட்டு.

இடையில் ஒரு திருத்தம். வானவில்லையும் முழு அக எதிரொளிப்பின் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. மழைத்துளிக்குள் ஒளி ஒருமுறை எதிரொளிப்பது உண்மை, ஆனால் அது முழுமையானது அல்ல. உருண்டையான துளிக்குள் நுழைந்த கதிர் எந்தக் கோணத்தில் உள்ளே வளைந்ததோ, அதே கோணத்தில்தான் பின்சுவரிலும் மோதும். நுழைய முடிந்த கோணத்தில் வெளியேறவும் முடியும். ஒளியின் பெரும்பகுதி துளியின் பின்வழியே போய்விடுகிறது. மிச்சத்தில்தான் வானவில்.

கசிவே தலைவலியாகிப்போன கதைக்கு வரலாம். ஜெனிவாவில் டானியல் கோலடான் 1841-இல், பீய்ச்சி விழும் நீர்த்தாரைக்குள் ஒளியைச் செலுத்தி, தாரை வளைந்தபோது ஒளியும் கூடவே வளைந்ததைக் காட்டினார். 1854-இல் லண்டனில் டின்டால் அதே காட்சியை நடத்தினார். புகழ் நெடுங்காலம் டின்டாலிடமே தங்கியது. 1930-இல் மியூனிக் மருத்துவ மாணவர் ஹைன்ரிக் லாம், கண்ணாடி இழைக் கட்டு ஒன்றின் வழியே மின்விளக்கு இழையின் உருவத்தை அனுப்பிப் பார்த்தார். வயிற்றுக்குள் பார்க்க வேண்டும் என்பது அவர் நோக்கம். உருவம் மங்கலாக வந்தது.

காரணம் டம்ளரில் பார்த்ததுதான். வெறும் கண்ணாடி இழைகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று உரசிக் கிடந்தால், தொடும் ஒவ்வோர் இடத்திலும் ஒளி பக்கத்து இழைக்குத் தாவும். கைபட்ட அழுக்கு, சிறு கீறல், தூசி எல்லாமே ஓட்டை. 1951-இல் அமெரிக்கர் பிரையன் ஓ’பிரையன், டச்சுக்காரர் ஆபிரகாம் வான் ஹீலிடம் ஒரு யோசனை சொன்னார்: இழையின் மேல், ஒளிவிலகல் எண் குறைந்த வேறொரு பொருளை உறையாகப் பூசிவிட்டால் என்ன? காற்றின் வேலையை அந்த உறை செய்யும். வெளியே யார் தொட்டாலும் உறையைத்தான் தொடுவார்கள், எதிரொளிப்பு நடக்கும் எல்லையை யாராலும் தொட முடியாது.

வான் ஹீலின் குறிப்பு 1954 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அதே இதழில் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஹாப்கின்ஸும், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் தங்கள் இழைக் கட்டைப் பற்றி எழுதியிருந்தார்கள். பதினாயிரத்துக்கும் மேற்பட்ட இழைகள், தெளிவான உருவம். ஆனால் அவர்கள் இழைகளுக்கு உறை இல்லை. ‘ஒளியிழையின் தந்தை’ என்று கபானியைச் சொல்வது இந்தியப் பத்திரிகைகளின் வழக்கம். ஃபைபர் ஆப்டிக்ஸ் என்ற பெயரைப் பரப்பியவர், விடாமல் எழுதியவர், 2021-இல் மறைவுக்குப் பின் பத்ம விபூஷண் பெற்றவர் என்பதெல்லாம் சரி. ஆனால் ஒரே தந்தை என்று சொன்னால் உறையின் கதை விட்டுப்போகும்.

அந்த உறையைக் கண்ணாடியாலேயே செய்தவர் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் லாரன்ஸ் கர்டிஸ். ஒளிவிலகல் எண் கூடிய கண்ணாடிக் கம்பியை, எண் குறைந்த கண்ணாடிக் குழாய்க்குள் செருகி, இரண்டையும் சேர்த்து உருக்கி இழுத்தார். அது 1956 டிசம்பர். 1957 பிப்ரவரியில் மருத்துவர் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் அந்த இழைகளாலான குழாயை முதலில் தானே விழுங்கிப் பார்த்தார், பிறகுதான் நோயாளிக்கு. இன்றைய எண்டோஸ்கோப்பின் முன்னோடி அது.

தொலைபேசிக்கு அது போதவில்லை. ஒளி வெளியே கசியாவிட்டாலும் கண்ணாடிக்குள் இருந்த கலப்பே அதை விழுங்கியது. இங்கிலாந்தின் ஹார்லோவில் சார்ல்ஸ் காவும் ஜார்ஜ் ஹாக்கமும் 1966-இல் போட்ட கணக்கு அடக்கமானது: ஒரு கிலோமீட்டர் போன பிறகு நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினால் போதும். கார்னிங் நிறுவனம் 1970-இல் அதைத் தாண்டியது. இன்றைய இழையில் அதே நூற்றில் ஒரு பங்கு மிஞ்சுவது நூறு கிலோமீட்டருக்குப் பிறகு. 2020-இல் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் மற்ற சில தீவுகளுக்கும் கடலடியில் திறக்கப்பட்ட சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிளுக்குள் ஓடுவதும் இத்தகைய இழைதான். அதன் குறுக்களவு 125 மைக்ரோமீட்டர். அதில் ஒளி முக்கியமாக ஓடும் உள்தண்டு 9 மட்டும். மீதிக் கண்ணாடி எல்லாம் உறை. இரண்டின் ஒளிவிலகல் எண்ணுக்கும் வித்தியாசம் நூற்றில் அரைப் பங்குகூட இல்லாததால், மாறுநிலைக் கோணம் 85 டிகிரி. கிட்டத்தட்ட சுவரை உரசிக்கொண்டு போகும் ஒளிக்குத்தான் அனுமதி.

அனுமதி இவ்வளவு குறுகலாக இருப்பதால் இழையை மடக்கினால் ஒளி வெளியேறிவிடும். வீட்டுக்கு இணைய இணைப்புக் கொடுக்க வருபவர் வயரை மூலையில் மடக்கி ஆணி அடிக்க மறுப்பதற்கு இதுதான் காரணம். இணைப்பு அறுந்தால் அவர் பையிலிருந்து பேனா போன்ற சிவப்பு லேசர் விளக்கு ஒன்று வெளியே வரும். இழையின் ஒரு முனையில் செருகினால், முறிந்த இடத்திலும் அதிகம் மடங்கிய இடத்திலும் சிவப்பு கசிந்து தெரியும். இழையைத் துண்டிக்காமலே அதில் சிக்னல் ஓடுகிறதா என்று பார்க்கவும் ஒரு கிளிப் உண்டு. அது வேண்டுமென்றே இழையைச் சற்று வளைத்து, கசியும் சொட்டு ஒளியைப் படிக்கும்.

வீட்டு மூலைகளுக்காக இப்போது 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரை வளைத்தாலும் அதிகம் கசியாத இழைகள் வந்துவிட்டன. உள்தண்டைச் சுற்றி ஒளிவிலகல் எண் இன்னும் குறைந்த ஓர் அகழியைக் கண்ணாடியிலேயே வைத்து இழுக்கிறார்கள். ஆணி அடிப்பவருக்கு நிம்மதி. கிளிப் வைத்திருப்பவருக்குத்தான் சங்கடம்: ஒளி கசியாத இழையில் படிப்பதற்கு எதுவும் கிடைப்பதில்லை.