கைதான பிறகு வரும் முதல் மாதம்

2024 மார்ச் 8, மகா சிவராத்திரி. வவுனியா வடக்கில் வெடுக்குநாறி மலையிலுள்ள ஆதிலிங்கேஸ்வரர் ஆலயத்தில் வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்களைப் பொலிஸார் கலைத்தார்கள். பூசகர் உட்பட எட்டுப் பேர் கைதாகி விளக்கமறியலுக்குப் போனார்கள். அவர்களில் சிலர் சிறைக்குள்ளேயே உண்ணாவிரதம் இருந்தார்கள். மார்ச் 19 அன்று வவுனியா நீதவான் நீதிமன்றம் எட்டுப் பேரையும் விடுவித்து வழக்கைத் தள்ளுபடி செய்தது. கும்பிடப் போனவர்கள் பதினொரு நாள் சிறையில் இருந்ததுதான் மிச்சம்.

இலங்கையில் மத நம்பிக்கைக்காகவோ, அந்த நம்பிக்கையை ஒட்டி எழுதியதற்காகவோ சிறுபான்மையினர் கைதாகும்போது திரும்பத் திரும்ப நடப்பது இதுவே. குற்றம் நிரூபிக்கப்பட்டுத் தண்டனை பெற்றதால் அவர்கள் சிறையில் இருப்பதில்லை. தீர்ப்புக்கு முந்திய காவலே தண்டனையாகிவிடுகிறது. "நிரபராதி என்றால் நீதிமன்றம் விட்டுவிடும்தானே" என்று ஆறுதல் சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நீதிமன்றம் விடுகிறதுதான். எத்தனை மாதம், எத்தனை வருடம் கழித்து என்பதல்லவா கேள்வி?

சிலாவத்துறையைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே 16 அன்று பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். அவருடைய 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்றார்கள். வன்முறைக்கும் தீவிரவாதத்துக்கும் எதிரான கவிதைகள் அந்தத் தொகுப்பிலேயே இருந்தன. தமிழ் வாசிக்கத் தெரிந்த எவரும் ஒரு மாலைப்பொழுதில் அதைப் படித்து உண்மையைக் கண்டிருக்கலாம். ஆனால் பிணை கிடைக்க 2021 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை முற்றாக விடுதலை செய்தது 2023 டிசம்பரில். அதே 2020 ஏப்ரலில், கொரோனாத் தொற்றாளர் ஒருவருடன் தொடர்பு இருந்திருக்கலாம், வீட்டிலேயே இருங்கள் என்று தொலைபேசியில் சொல்லப்பட்ட பிறகு கைது செய்யப்பட்டவர் சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ். மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குப் பிணை வழங்கியது 2022 பெப்ரவரியில். ஒரு சட்டத்தரணிக்கே இருபத்திரண்டு மாதம் என்றால், மற்றவர்களின் கதியை யோசித்துப் பாருங்கள்.

இதற்குப் பெரும்பாலும் இரண்டு சட்டங்கள் கைகொடுக்கின்றன. ஒன்று, 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க பயங்கரவாதத் தடைச் சட்டம். மூன்று வருடத்துக்கென்று வந்தது 1982இல் நிரந்தரமானது. சாதாரணச் சட்டத்தில் கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். இதில் 72 மணி நேரம். அமைச்சர் கையொப்பமிட்டால் மூன்று மூன்று மாதமாகத் தடுப்புக்காவலை நீட்டலாம். முன்பு 18 மாதம் வரை நீட்ட முடிந்தது, 2022 திருத்தத்துக்குப் பின் 12 மாதம். சமயங்களுக்கோ இனங்களுக்கோ இடையே பகைமையை ஏற்படுத்தும் சொற்களும் அடையாளங்களும்கூட இதில் குற்றம். நல்லிணக்கத்தைக் காப்பதாகச் சொல்லும் இந்தப் பிரிவு கவிதைமீதும் முகநூல் பதிவின்மீதும் எளிதாகப் பாய்கிறது. மற்றது, குடியியல், அரசியல் உரிமைகள் தொடர்பான சர்வதேச உடன்படிக்கையின் பெயரால் 2007இல் வந்த சட்டம். மத வெறுப்பைத் தூண்டி வன்முறைக்கு அழைப்பவர்களைத் தடுப்பது அதன் 3ஆம் பிரிவின் நோக்கம். 2019 மே மாதம் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண்ணின் ஆடையிலிருந்த கப்பல் சுக்கான் படத்தைத் தர்மச்சக்கரம் என்று சொல்லிக் கைது செய்ததும் இந்தச் சட்டத்தின் பெயரால்தான். இதன் கீழ் சந்தேகநபருக்கு நீதவான் பிணை வழங்க முடியாது. மேல் நீதிமன்றம் மட்டுமே, அதுவும் விதிவிலக்கான சூழ்நிலைகளில் வழங்கலாம்.

உரிமை எழுத்தில் இல்லாமலில்லை. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தைத் தருகிறது. அதை மட்டுப்படுத்த அரசியலமைப்பு எந்தக் காரணத்தையும் அனுமதிக்கவில்லை. வழிபடுதல், போதித்தல் 14(1)(உ) பிரிவிலும் அமைதியாக ஒன்றுகூடுதல் 14(1)(ஆ) பிரிவிலும் உள்ளன. இவற்றைப் பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காகச் சட்டத்தினால் மட்டுப்படுத்தலாம். நம்பிக்கை கொள்வதில் கை வைக்காமல் அதை வெளிப்படுத்தும்போது கைது செய்வதற்கான வழி இந்த வேறுபாட்டில்தான் திறக்கிறது. எந்தக் காரணத்துக்காகக் கைது செய்கிறீர்கள் என்று அறியும் உரிமை 13(1)இல் இருக்கிறது. அதைக் கைதாகும் அந்த நிமிடத்திலேயே கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்பதோடு நிற்காமல் கைது செய்யும் அதிகாரியின் பெயர், பதவி, கொண்டுபோகும் இடம் ஆகியவற்றை வீட்டார் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதுகளுக்காக 2006இல் வெளியான ஜனாதிபதிப் பணிப்புரைகள், கைதை ஒப்புக்கொள்ளும் ஆவணத்தை உறவினருக்குக் கொடுக்கச் சொல்கின்றன. கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் மறுத்த நேரத்தையும் மறுத்தவர் யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வேலை, இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழைப்பது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான எந்தக் கைதையும் 48 மணி நேரத்துக்குள் ஆணைக்குழுவுக்குப் பொலிஸார் அறிவித்தாக வேண்டும். அறிவித்தார்களா என்று பார்ப்பது நம் வேலை. தடுத்துவைக்கப்பட்ட இடத்துக்கு முன்னறிவிப்பின்றிச் செல்ல ஆணைக்குழுவுக்கு அதிகாரம் உண்டு.

உள்ளே இருப்பவருக்கு மிகப் பெரிய ஆபத்து கையொப்பம். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் சாட்சியாகிவிடும். அது பலவந்தமாகப் பெறப்பட்டது என்றால் அதைக் காட்ட வேண்டிய சுமை குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில். நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கில் மதம் சம்பந்தப்படவில்லை, ஆனாலும் இந்த ஆபத்தைப் புரிந்துகொள்ள அதைவிடச் சரியான உதாரணம் கிடையாது. தமிழ் மட்டுமே தெரிந்த அவர் கைரேகை வைத்தது சிங்களத்தில் தட்டச்சான வாக்குமூலத்தில். அதை வைத்து 50 வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் 35 ஆகக் குறைந்தது. விளங்காத மொழியில் எழுதியதில் கையொப்பம் இட வேண்டாம். சட்டத்தரணியைக் கேளுங்கள், தமிழில் எழுதச் சொல்லுங்கள். அடித்தாலோ மிரட்டினாலோ நீதவான் முன் கொண்டுபோகும் முதல் சந்தர்ப்பத்திலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். சட்ட மருத்துவ அதிகாரியிடம் அனுப்பும்படி கேளுங்கள். பிறகு சொல்வதைவிட அன்று சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

இனி அந்த ஒரு மாதம். அடிப்படை உரிமை மீறலுக்கு 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு மனுப்போட ஒரு மாதமே அவகாசம். "முதலில் ஆள் வெளியே வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று இருந்துவிட்ட குடும்பங்கள் இழப்பது இந்த வழியைத்தான். ஆனால் அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் ஒரு மாதக் கணக்கில் சேராது. முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. விசாரணை நடக்கிறது என்பதற்கான கடிதத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஆள் எங்கே என்றே தெரியாவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். மாகாண மேல் நீதிமன்றத்திலும் போடலாம், கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. வசதியற்றவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

இந்த வழி வீண்போவதில்லை என்பதற்குச் சான்று ரம்ஸி ராஸீக். பேனாவாலும் விசைப்பலகையாலும் கருத்துப் போராட்டம் செய்ய வேண்டும் என்று 2020இல் முகநூலில் எழுதியதற்காக ஐந்து மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தவர். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து நட்டஈடும் வழங்கச் சொன்னது.

எல்லாக் கதவும் திறக்கும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரித்ததற்கு எதிரான மனுக்களை, காரணம்கூடச் சொல்லாமல், 2020 டிசம்பர் 1இல் உயர் நீதிமன்றம் நிராகரித்தது. அதன் பிறகு பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்டினார்கள். பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்த பேரணி, அடக்கம் செய்ய அனுமதிக்க வேண்டும் என்ற கோரிக்கையையும் சுமந்தது. 2021 பெப்ரவரி கடைசியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. சட்டத்தின் வழி அடைபட்டபோது அமைதியான எதிர்ப்பின் வழி பயன் தந்தது. ஆகவேதான் அந்த எதிர்ப்புக்கான உரிமையையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிறேன்.

வெளியிலும் ஒரு வழி உண்டு. தன்னிச்சையான தடுத்துவைப்பு பற்றிய ஐ.நா. செயற்குழுவுக்குக் குடும்பத்தாரே எழுதலாம், கட்டணம் இல்லை. அதன் கருத்து நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. சிங்கராசா வழக்கில் இன்னொரு ஐ.நா. அமைப்பான மனித உரிமைகள் குழுவின் முடிவையும் உயர் நீதிமன்றம் 2006இல் ஏற்கவில்லை. இருந்தும் பிணைக்கும் விடுதலைக்குமான அழுத்தமாகச் செயற்குழுவின் கருத்து உதவும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளும் கோயில் பரிபாலன சபையினரும் தேவாலயப் பங்குச் சபையினரும் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு சட்டத்தரணியின் தொலைபேசி இலக்கத்தையும் 1996ஐயும் அறிவித்தல் பலகையில் இன்றே எழுதி ஒட்டுங்கள். உங்கள் ஊரில் ஒருவர் கைதானால் அவர் வீட்டுக்குப் போவதற்குப் பயந்து ஒதுங்காமல், அந்த மாதம் முடிவதற்குள் அவருடைய முறைப்பாடு ஆணைக்குழுவில் பதிவாகிவிட்டதா என்று கேளுங்கள்.