மொட்டை மாடியில் காயும் கடல்

சென்னிமலைப் பக்கம் உப்புத் தண்ணி என்றால் யாருக்கும் கடல் நினைவுக்கு வராது. ஒரத்துப்பாளையம் அணைதான் வரும். பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டி 1992-இல் முடித்த அணை. திருப்பூர்ச் சாயத்தண்ணி வந்து தேங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பேறிப் போயின. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றமே சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டி வந்தது.

அப்படிப்பட்ட ஊரில் வீட்டுக்குள் நூறு லிட்டர் கடல் வைத்திருப்பது கொஞ்சம் குசும்புதான். நம் கடல் பவளத்தை எடுத்து வைக்க வனவிலங்குச் சட்டம் விடாது. என் தொட்டியில் இருப்பது நாலைந்து மீனும் கடல்பாசியும். மண்டபம் பக்கத்துக் கஞ்சிப்பாசி ஒரு கொத்து, இறகு மாதிரி விரியும் காலெர்பா, அப்புறம் கீட்டோமார்ஃபா. இந்தக் கடைசிப் பாசியைத் தறிக்காரர் யாரிடம் காட்டினாலும் சிக்கு விழுந்த பச்சை நூல் என்பார்கள்.

லிட்டருக்கு 35 கிராம் கடல் உப்புக் கலவை. போர் தண்ணி ஆகாது, ஆர்.ஓ. தண்ணிதான். சித்திரை வெயிலில் தொட்டி வற்றும்போது பலரும் உப்புத் தண்ணியையே ஊற்றிக் கெடுப்பார்கள். ஆவியாவது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கிறது. வற்றிய அளவுக்கு நல்ல தண்ணி விட்டால் போதும்.

மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பாசி தின்று வளர்கிறது. வாரம் ஒரு கைப்பிடி கத்தரித்து எடுத்தால் கழிவும் அதோடு வெளியேறும். தண்ணி மாற்றும் வேலை குறையும். எனக்குப் பாசி பிடித்ததே இதற்காகத்தான். பத்து லிட்டர் மாற்றினால் 350 கிராம் உப்பு. சாக்கடையில் ஊற்றினால் அது எங்கே போய்ச் சேரும் என்று இந்த ஊர்க்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒருமுறை கத்தரிக்காமல் சில வாரம் விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் தொட்டி முழுக்கப் பச்சைப் பால். காலெர்பாவின் இறகெல்லாம் கண்ணாடியாய் வெளுத்துக் கிடந்தது. எவ்வளவு நீளம் படர்ந்தாலும் அது ஒரே செல். இனப்பெருக்கத்துக்குத் துணிந்தால் உள்ளிருப்பதை மொத்தமாய்க் கொட்டிவிட்டுச் செத்துப்போகும். தின்றதெல்லாம் தண்ணிக்கே திரும்பியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. முப்பது லிட்டரை மாற்றிய பிறகுதான் அடங்கின.

கத்தரித்த பாசியையும் ஓடையில் வீசக் கூடாது. 1984-இல் மொனாக்கோ கரையோரம் முதலில் கண்ட காலெர்பா, மத்தியதரைக் கடலில் எக்கச்சக்கமாகப் பரவியது. நொய்யலில் அது பிழைக்காதுதான். ஆனாலும் பழக்கம் பழக்கம்தான்.

அந்த முப்பது லிட்டரை மொட்டை மாடியில் அகலத் தட்டுகளில் ஊற்றிக் காயவைத்தேன். ஒரு கிலோவுக்கு மேல் உப்பு. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டார்: “ஏனுங் தம்பி, மேல சாயப்பட்டறை ஏதாச்சும் ஓட்றீங்களா?”