ஈசி சுத்தம் என்பதால் நிலமும் சுத்தமாகிவிடாது

தருமபுரி மாவட்டம் இண்டூர்ப் பக்கம் வீட்டோடு நிலம் வாங்க வருகிறவர்கள் பலர் வில்லங்கச் சான்றை (ஈசி) மட்டும் பார்க்கிறார்கள். 'ஈசி சுத்தம்' என்று தரகர் சொன்னதும் அன்றைக்கே முன்பணம் கைமாறிவிடுகிறது.

கெயில் எரிவாயுக் குழாய்த் திட்டத்துக்குள் வந்த ஏழு மேற்கு மாவட்டங்களில் தருமபுரியும் ஒன்று. தமிழக அரசு எதிர்த்தும், 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் கெயிலே வென்றது. குழாய் பதிப்புக்கான 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். குழாய் பதிக்கும் பயன்பாட்டு உரிமை மட்டும் கெயிலுக்குப் போய்விடும். குழாய் போகும் 20 மீட்டர் அகலத்தில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. மீறிக் கட்டினால் மாவட்ட நீதிமன்றம் மூலம் இடிக்கலாம். இடிக்கும் செலவும் உங்கள் தலையில்தான். சந்தை மதிப்பில் 10 சதவீத இழப்பீடும் பழைய உரிமையாளரோடு போயிருக்கும்.

இந்த உரிமை அரசிதழ் அறிவிக்கையால் வருவது. பத்திரப் பதிவால் அல்ல. ஆகவே வில்லங்கச் சான்றில் அது தெரியாமலே போகலாம். திரும்பவும் சொல்கிறேன், ஈசியை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

பட்டாவிலிருந்து சர்வே எண்ணை உட்பிரிவோடு எழுதிக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் வாயால் கேட்டால் 'அப்படி ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிடுவார். நாளைக்கு அந்தச் சொல்லுக்கு யார் பொறுப்பு? எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு இரண்டு மனு போடுங்கள்: ஒன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, இன்னொன்று கெயிலுக்கு. இந்த சர்வே எண்ணில் 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(1), 6(1) பிரிவு அறிவிக்கை உண்டா, எவ்வளவு பரப்பு, எந்தப் பக்கம், இழப்பீடு யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று தனித்தனியாகக் கேளுங்கள். பதில் தர 30 நாள் கெடு. அதுவரை காத்திருக்க மாட்டேன் என்கிற விற்பனையாளரிடம் வாங்கவே வேண்டாம்.

குழாயைப் போலவே மின்தடத்தையும் பாருங்கள். நிலத்துக்கு மேலே உயரழுத்த மின்கம்பி போனால் மின்வாரியச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் எத்தனை கிலோவோல்ட், எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

தெரிந்த குறையை மறைத்து விற்கக் கூடாது என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. ஆனால் சாதாரணக் கவனத்தில் கண்ணில் படும் குறைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. குழாய் அடையாளக் கம்பம் வயலில் நிற்பதைப் பார்த்தும் கேட்காமல் வாங்கினால் வழக்கு நிற்காது. எனவே கிரய ஒப்பந்தத்திலேயே 'குழாய், மின்தடப் பயன்பாட்டு உரிமை எதுவும் இல்லை. இருந்தால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்' என்று எழுதி வாங்குங்கள். பத்திரம் பதியும் முன் வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, நில அளவரை வைத்து அளந்து, வரைபடத்தில் அவர் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.