பட்டறை ஆசிரியரும் கணினித் திரையும்

ஐ.டி.ஐ. என்று வழங்கும் அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில், அரமும் லேத்தும் கொண்டு தொழில் கற்பித்துவந்த பயிற்றுநர்கள் கணினிவழி இயந்திரங்களுக்கு மாறும்போது கற்க வேண்டியவை புதிய பொத்தான்கள் மட்டுமல்ல. தம் கை அறிந்ததை எண்ணாக எழுதிக்காட்டும் முறையும் ஆகும். தமிழ்நாட்டில் 71 அரசு நிலையங்களைத் தொழில் 4.0 எனப்படும் கணினிமயத் தொழில்துறைத் தரத்துக்கு உயர்த்தும் திட்டம் இத்தேவையைக் கூட்டியுள்ளது.

இந்தக் கணினிவழி இயந்திரங்களின் அடிப்படையான சி.என்.சி. என்பது, வெட்டுளியின் நகர்வைக் கைப்பிடிச் சக்கரத்துக்குப் பதிலாக எண்களால் ஆன கட்டளைகள் நடத்தும் முறை. இதில் ஜி00 வெட்டாமல் விரைந்து நகர்வதையும், ஜி01 குறித்த வேகத்தில் நேர்கோட்டில் வெட்டுவதையும் குறிப்பதால், ஜி01 வர வேண்டிய இடத்தில் ஜி00 என்று எழுதினால் உளி இரும்பில் முழு வேகத்தில் மோதக்கூடும். சில இயந்திரங்களில் 50 என்ற அளவுக்குப் பின் புள்ளி விடுபட்டால், அது 50 மில்லிமீட்டராக அன்றி 0.05 மில்லிமீட்டராகவே கொள்ளப்படும். ஆகவே மாணவர் எழுதிய நிரலை, உண்மை இரும்பைத் தொடுமுன், சிமுலேட்டர் எனப்படும் ஒத்திகை மென்பொருளில் ஓட்டிப் பார்ப்பது நல்ல பயிற்றுநரின் வழக்கம்.

எனினும், லேத்தில் கடைசல் கற்பித்த பழைய டர்னர் ஆசிரியரின் அறிவு இங்கே பழுதாகிவிடுவதில்லை (அப்படி எண்ணுவோர் பட்டறையில் நின்றறியாதவர்). உளி அதிரும்போது எழும் கிறீச்சொலியையும், சூடேறிய எஃகுச் சீவல் நீலம் பாய்வதையும் அவர் நொடியில் கண்டுகொள்வார்; ஒத்திகைத் திரையோ உளியின் பாதையைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது.