மஞ்சள் விலை ஊசலாடுவது ஏன்?

சங்ககிரிப் பக்கத்து உழவர் மஞ்சள் போடலாமா என்று யோசிக்கும்போது முதலில் விசாரிப்பது ஈரோட்டுச் சந்தை விலையைத்தான். அவ்விலை 2010-இல் குவிண்டாலுக்கு 15,000 ரூபாயைத் தாண்டியது. 2012-இல் 4,000 ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது. வணிகர்களின் சூழ்ச்சி என்பார்கள் சிலர். அது ஒருபுறம் இருக்கட்டும். யாருடைய சூழ்ச்சியும் இல்லாமலேயே இது நிகழக்கூடும்.

முதலில் ஒரு சிறு கணக்கு. கற்பனையாக இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகளில் முதல் ஊரில் மஞ்சள் பயிரான பரப்பு 100, 120, 140, 160, 180 ஏக்கர். இரண்டாவது ஊரில் 160, 100, 140, 180, 120. எண்கள் அதே ஐந்துதான்! சராசரி இரண்டிலும் 140. திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்தால் இரண்டிலும் ஏறத்தாழ 20 சதவீதம். ஆனால் முதலாவது சீரான வளர்ச்சி. இரண்டாவது வெறும் ஆட்டம். ஆகவே வளர்ச்சிக் கோட்டை முதலில் வரைந்து, அதிலிருந்து விலகும் அளவை மட்டுமே நிலையின்மை எனக் கொள்ள வேண்டும். 1978-இல் கட்டி, டெல்லா வாலே என்னும் இருவர் இதற்கொரு குறியீட்டெண் வகுத்தனர். அதன்படி முதல் ஊருக்குச் சுழி. இரண்டாவது ஊருக்கு அதே 20.

சரி, இந்த ஆட்டம் எங்கிருந்து வருகிறது? வாய்க்கால் தலைப்பில் நின்று மடை திறப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் வரவில்லை என்று குரல் வருகிறது. மடையை இன்னும் அகலமாகத் திறக்கிறார். முன்னே விட்ட நீரும் பின்னே விட்ட நீரும் சேர்ந்து வந்து வரப்பை உடைக்கின்றன. உடனே மடையை இறுக அடைக்கிறார், பாத்தி காய்கிறது. காரணம் அவருடைய அறியாமை அன்று. செயலுக்கும் விளைவுக்கும் இடையிலுள்ள தாமதம். பௌதிகத்தில் இதைத் தாமதமான பின்னூட்டம் என்போம்.

மஞ்சளில் அத்தாமதம் எட்டு ஒன்பது மாதம். வைகாசி, ஆனியில் நடும் கிழங்கு தை, மாசியில்தான் கைக்கு வருகிறது. பிறகு வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்ற வேண்டும். நடும்போது கண்ட விலை விற்கும்போது இருப்பதில்லை. அதே விலையைக் கண்டு எல்லோரும் நட்டிருப்பார்களே! ஜெர்மனியில் பன்றி விலையில் இவ்வலைவை 1920-களில் ஹனாவ் கண்டறிந்தார். வரைபடத்தில் இது வலைபோல் சுற்றுவதால் 1934-இல் கால்டர் 'சிலந்திவலைத் தேற்றம்' எனப் பெயரிட்டார்.

இதில் அதிகம் அடிபடுபவர் விலை உச்சத்தில் புதிதாக இறங்குபவர். ஏக்கருக்கு 600 முதல் 800 கிலோ விதைக்கிழங்கு வேண்டும். அந்த ஆண்டு விதையும் உச்ச விலையில்தான் கிடைக்கும். வாங்குவது ஏற்றத்தில், விற்பது இறக்கத்தில்.

நல்ல வேளையாக, மஞ்சள் தக்காளி அன்று. நன்கு உலர்ந்த விரலியை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம். மின்சுற்றில் மின்தேக்கி செய்யும் வேலையை இங்கே கிடங்கு செய்கிறது. மிகும்போது வாங்கிக்கொண்டு, குறையும்போது விடுகிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் சரக்கை ஈடாக வைத்துக் கடன் பெறும் வசதி இதற்காகவே உள்ளது. கடன்காரர் வாசலில் நிற்கையில் காத்திருக்க முடியாத சிறு உழவருக்கு அது பயன்படும். ஆனால் கிடங்கில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று தெரியாமல் எல்லோரும் காத்திருந்தால், பழைய சரக்கும் புதிய அறுவடையும் ஒரே மாசியில் சந்தையில் வந்து இறங்கும்.