கம்ப்யூட்டருக்கு ஒரு மூலை! சின்ன வீட்டிலும் அழகாக அமைக்கலாம்

ஒரு கம்ப்யூட்டரை வைக்க எவ்வளவு இடம் வேண்டும்?

1946-ம் ஆண்டில் இப்படிக் கேட்டிருந்தால், "ஒரு பெரிய மண்டபமே வேண்டும்" என்று பதில் வந்திருக்கும். அந்த ஆண்டில்தான் அமெரிக்காவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் "எனியாக்" என்ற கம்ப்யூட்டர் உலகத்துக்குக் காட்டப்பட்டது. அதன் எடை சுமார் 30 டன்! உள்ளே இருந்த வால்வுகள் ஏறக்குறைய 18 ஆயிரம்! அது அடைத்துக்கொண்ட இடம் 1,800 சதுர அடி. ஆறு பெண்கள் வயர்களைப் பிடுங்கியும் சொருகியும் அதை வேலை வாங்கினார்கள்.

இன்று கம்ப்யூட்டர் சுருங்கிவிட்டது. பள்ளிக்கூடப் பைக்குள் அடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் 2011-ம் ஆண்டு முதல் அரசு, மாணவ மாணவிகளுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அதற்கு முன் கம்ப்யூட்டரையே தொட்டறியாத எத்தனையோ வீடுகளுக்குள் அது நுழைந்தது. 2020-ம் ஆண்டில் கொரோனா வந்தது. பள்ளிக்கூடம், ஆபீஸ் எல்லாமே வீட்டுக்குள் வந்துவிட்டன.

கம்ப்யூட்டர் வந்துவிட்டது. சரி, அதற்கு இடம் எங்கே?

கட்டிலில் ஒரு கல்லூரி

இரண்டே அறை உள்ள ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். கல்லூரியில் படிக்கும் மகள் கட்டிலில் சாய்ந்து, தலையணை மேல் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பாடம் எழுதுகிறாள்.

"அம்மா, கழுத்து வலிக்குதும்மா!"

"குனிஞ்சுக்கிட்டே இருந்தா வலிக்காம என்னடி செய்யும்?"

அம்மா சொல்வது சரிதான். மனிதனின் தலை கிட்டத்தட்ட 5 கிலோ எடை உள்ளது. 5 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துப் பிடித்தால் பாரம் தெரியாது. அதையே கையை நீட்டிப் பிடித்தால்? இரண்டு நிமிஷத்தில் கை கடுக்கும். தலையும் அப்படித்தான். நிமிர்ந்து இருந்தால் எலும்பு தாங்கும். குனிந்தால் கழுத்துச் சதை தாங்க வேண்டும்.

தலையணை மேல் வைப்பதால் இன்னொரு கெடுதலும் உண்டு. மடிக்கணினி தன் சூட்டைத் தணிக்க, அடியிலும் பக்கத்திலும் உள்ள துளைகள் வழியாகக் காற்று வாங்குகிறது. பஞ்சு அந்தத் துளைகளை அடைத்துவிடும். சூடு ஏறும். கருவி சீக்கிரம் கெடும்.

எந்த மூலை நல்லது?

புது மேஜை வாங்கத்தான் வேண்டும் என்பது இல்லை. ஆடாத பழைய மேஜை ஒன்று போதும். அதைத் துடைத்து, ஜன்னல் ஓரமாகப் போடுங்கள். ஜன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்க வேண்டும். எதிரே இருந்தால் கண் கூசும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் அந்த வெளிச்சம் திரையில் விழுந்து எழுத்தை மறைக்கும்.

திரை ஒரு கை நீட்டும் தூரத்தில் இருக்கட்டும். அதன் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ, சற்றுக் கீழேயோ இருப்பது நல்லது.

மடிக்கணினியை உயர்த்த ஒரு வழி உண்டு. இரண்டு செங்கற்களைத் தடித்த காகிதத்தில் சுற்றுங்கள். இரண்டையும் இடைவெளி விட்டு வைத்து, அவற்றின் மேல் மடிக்கணினியை உட்கார்த்துங்கள். அடியில் காற்றும் போகும். எழுத்துப் பலகையும் மவுசும் தனியாக வாங்கி, மேஜை மேல் கீழாக வைத்துக்கொள்ளுங்கள். தட்டும்போது முழங்கை, கதவு மூலை மாதிரி செங்கோணமாக மடங்கியிருக்க வேண்டும். தோள் தூக்கிக்கொண்டு நிற்கக்கூடாது.

காலுக்கு ஒரு மணை

அப்பாவும் பிள்ளையும் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்காரும் வீடுகளே அதிகம். அப்பாவுக்குச் சரியான உயரம் பத்து வயதுப் பையனுக்குச் சரியாக இருக்குமா? கால் தொங்கும். தொடை மரத்துப்போகும். பையன் நாற்காலி நுனிக்கு நகர்ந்து கூன் போடுவான்.

இதற்குச் செலவு தேவை இல்லை. உட்காரும் இடத்தில் மடித்த போர்வை. முதுகுக்கு ஒரு சின்னத் தலையணை. காலுக்குக் கீழே பரணில் கிடக்கும் பழைய மணைப் பலகை! ஒன்று போதாவிட்டால் இரண்டாக அடுக்குங்கள்.

கண்ணையும் மறந்துவிடக்கூடாது. திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைந்துபோகிறது. அதனால் கண் காய்ந்து எரிகிறது. 20 நிமிஷத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை 20 வினாடி பாருங்கள். எதிர்வீட்டு வேப்பமரமே போதும்.

வயர் ஜாக்கிரதை!

மேஜைக்கு மேலே அழகு. கீழே? வயர்கள் இடியாப்பம் மாதிரி பின்னிக் கிடக்கும். இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. உயிர்ப் பிரச்சினை.

பிளக் பெட்டி தரையில் கிடக்கக்கூடாது. வீடு துடைக்கும் ஈரத்துணி அதில் படலாம். தவழும் குழந்தையின் கை எட்டலாம். பெட்டியை மேஜையின் அடியில், ஒரு பக்கமாகத் திருகாணி வைத்துப் பொருத்திவிடுங்கள். வயர்களை ஒன்றாகச் சேர்த்து, பழைய வேட்டிக் கரையால் தளர்வாகக் கட்டுங்கள். ஒவ்வொரு பிளக்கிலும் இது எதனுடையது என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள்.

ஒரு பெட்டியில் இன்னொரு பெட்டியைச் சொருகாதீர்கள். மூன்று முனை பிளக்கின் பெரிய முனையை உடைத்துவிட்டுச் சொருகாதீர்கள். அதுதான் எர்த், ஆளைக் காப்பாற்றும் முனை. கம்ப்யூட்டர் பெட்டியிலேயே இஸ்திரிப் பெட்டியையும் மாட்டாதீர்கள். மடிக்கணினி இழுப்பது பெரும்பாலும் 65 வாட் அளவுதான். இஸ்திரிப் பெட்டி 1,000 வாட்டும் அதற்கு மேலும்கூட இழுக்கும். வயர் சூடேறி உருகினால் நெருப்புப் பிடிக்கும். இடி மின்னல் சமயத்தில் பிளக்கையே பிடுங்கிவிடுவது நல்லது.

கடைசியில் அழகு

இவ்வளவும் செய்தபின் அலங்காரம் செய்யலாம். மேஜை மேல் கைத்தறி விரிப்பு ஒன்று. பேனாவுக்கு ஒரு டம்ளர். பிடித்த படம் ஒன்று. அவ்வளவு போதும். பூச்செடி ஜன்னலில் இருக்கட்டும். காப்பியும் தண்ணீரும் பக்கத்து ஸ்டூலில் இருக்கட்டும்.

ஆயுத பூஜை அன்று கம்ப்யூட்டரைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். மற்ற 364 நாளும் தூசிக்கு விட்டுவிடலாமா? வாரம் ஒரு முறை நிறுத்திவிட்டு, உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். திரையில் தண்ணீர் தெளிக்கக்கூடாது. படுக்கப் போகுமுன் மேஜையைக் காலி செய்யும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள்.

மறுநாள் மாலை மகள் அங்கே வந்து உட்காருவாள். வெளிச்சம் பக்கத்திலிருந்து விழும். கால் மணையில் பதியும். கழுத்து நிமிர்ந்திருக்கும்.

"அம்மா, பாடம் முடிச்சிட்டேன்!"

இந்தத் தடவை கழுத்து வலி பற்றிப் பேச்சே இல்லை!