மருத்துவரைப் பார்க்காத நாள்கள்

பலதுறை மருந்தகத்திலிருந்து திரும்பிய பாட்டி, கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைக்கிறார். "8.4ன்னு போட்டிருக்கு. கூடிடுச்சாம். மூணு மாசம் கழிச்சு வரச் சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் சமையலறைக்குள் போய்விடுகிறார். சிங்கப்பூரில் நம் உறவினர் வீடுகள் பலவற்றில் நடக்கும் காட்சிதான் இது. அந்த 8.4 என்னும் எண் எதைச் சொல்கிறது? ஏன் மூன்று மாதம்? இவற்றைத் தெரிந்துகொண்டால், நீரிழிவு உள்ளவர்களுக்காக ஏன் தனியே சங்கங்கள் தோன்றின என்பதும் புரியும்.

நாம் உண்ணும் உணவிலுள்ள மாவுச்சத்து, சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரை உயிரணுக்களுக்குள் செல்ல உதவுவது இன்சுலின். இதைக் கணையம் சுரக்கிறது. இன்சுலின் போதவில்லை என்றாலோ, உடல் அதற்குச் சரிவர இணங்கவில்லை என்றாலோ, சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கிவிடுகிறது. தேங்கிய சர்க்கரையில் ஒரு பகுதி, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்கள் வாழும். ஆகவே, எவ்வளவு ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களாக ரத்தத்தில் சர்க்கரை எப்படி இருந்தது என்று கணிக்கலாம். பாட்டியின் தாளில் இருந்தது அந்த விழுக்காடுதான். பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் இனிப்பைத் தவிர்த்துவிட்டுப் போனால் மருத்துவருக்குத் தெரியாது என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தப் பரிசோதனையிடம் அது பலிக்காது.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மாதம் என்பது 90 நாள். அந்த 90 நாளில் பாட்டி மருத்துவரின் முன் அமர்ந்திருப்பது சில நிமிடங்கள்தான். மீதி நாள்களில் அவர் ஏறத்தாழ 270 வேளை சாப்பிடுகிறார். தீபாவளிப் பலகாரம் எவ்வளவு உண்ணலாம், காய்ச்சல் வந்தால் மாத்திரையை நிறுத்தலாமா, காலில் முள் குத்தினால் என்ன செய்வது என்பதையெல்லாம் முடிவுசெய்ய வேண்டியவர் அவரே. நீரிழிவில் மருத்துவரைவிட அதிக வேலை செய்பவர் நோயாளிதான். ஆனால், அந்த வேலையை அவருக்கு யார் கற்றுக்கொடுப்பது?

இக்கேள்வி ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எழுந்தது. 1922ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், கனடாவின் டோரன்டோ நகரில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் ஊசி போடப்பட்டது. அந்த மருந்தை ஊசிமூலம் பெற்ற முதல் நீரிழிவு நோயாளி அவன். அப்போது அவனுடைய எடை 30 கிலோகிராம்கூட இல்லை. முதல் ஊசி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. மருந்தில் கசடு இருந்தது. ஜேம்ஸ் காலிப் என்ற வேதியியலாளர் அதைத் தூய்மைப்படுத்திய பிறகு, ஜனவரி 23ஆம் நாள் மீண்டும் ஊசி போட்டார்கள். இம்முறை ரத்தச் சர்க்கரை இறங்கியது. அதுவரை இந்நோய் கண்ட குழந்தைகளுக்கு மருத்துவர்கள் செய்ய முடிந்ததெல்லாம், உணவைக் கடுமையாகக் குறைத்துச் சில காலம் உயிரை நீட்டிப்பதுதான். லெனார்ட் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். இந்த ஆய்வுக்காக ஃபிரெடரிக் பேண்டிங், ஜான் மெக்லியோட் ஆகிய இருவருக்கும் 1923ஆம் ஆண்டு நோபெல் பரிசு கிடைத்தது. இன்சுலினின் காப்புரிமை, தலா 1 டாலருக்கு டோரன்டோ பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

மருந்து கிடைத்துவிட்டது. ஆனால், அதை ஒருமுறை போட்டுக்கொண்டால் போதாது. நாள்தோறும் போட்டுக்கொள்ள வேண்டும். குறைவாகப் போட்டால் சர்க்கரை ஏறும். அதிகமாகப் போட்டால் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். உணவுக்கும் ஊசிக்கும் உள்ள பொருத்தத்தை நோயாளி கற்றுக்கொள்ள வேண்டும். வாங்குவதற்குப் பணமும் வேண்டும். போர்ச்சுகலைச் சேர்ந்த எர்னெஸ்டோ ரோமா என்ற மருத்துவர் இந்த இரண்டையும் சேர்த்தே யோசித்தார். 1926ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில், ஏழை நீரிழிவாளர்களைக் காக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். வசதியற்றவர்களுக்கு இன்சுலின் வழங்குவதும், நோயுடன் வாழக் கற்றுக்கொடுப்பதும் அதன் பணிகள். உலகில் முதலில் தோன்றிய நீரிழிவுச் சங்கம் அதுவே. இன்றும் அது இயங்கிவருகிறது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1934இல், பிரிட்டனில் ஒரு சங்கம் பிறந்தது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் ஆர். டி. லாரன்ஸ் என்ற மருத்துவர். அவருக்கே நீரிழிவு இருந்தது. வாழ்நாள் முடியப்போகிறது என்று நம்பி, வீட்டாருக்குச் சுமையாக இருக்க வேண்டாம் என இத்தாலிக்குப் போயிருந்தவர் அவர். லண்டனில் இன்சுலின் கிடைக்கிறது என்ற செய்தி 1923இல் எட்டியதும், பெரும்பாடுபட்டுத் திரும்பிவந்து உயிர்பிழைத்தார். மற்றவர், 'கால இயந்திரம்' என்ற அறிவியல் புனைகதையை எழுதிய எச். ஜி. வெல்ஸ். அவருக்கும் நீரிழிவு இருந்தது. புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவர் தம் நோயை மறைக்காமல் வெளிப்படுத்தியது அக்காலத்தில் சிறிய செய்தியன்று. வேலை போய்விடும், திருமணம் தடைபடும் என்று அஞ்சி நோயை மறைக்கும் வழக்கம் இன்றும் முழுமையாக மறைந்துவிடவில்லையே! நோயாளிகளையும் மருத்துவர்களையும் ஒரே சங்கத்தில் சமமாக அமரவைத்ததுதான் அவர்கள் செய்த பெரிய மாற்றம் என்று நான் கருதுகிறேன்.

1950ஆம் ஆண்டு, பல நாடுகளின் சங்கங்கள் ஒன்றுகூடி அனைத்துலக நீரிழிவுக் கூட்டமைப்பை அமைத்தன. ஆண்டுதோறும் நவம்பர் 14ஆம் நாள், அதாவது பேண்டிங் பிறந்த நாளில், உலக நீரிழிவு தினம் அனுசரிக்கப்படுவது இந்தக் கூட்டமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் 1991இல் எடுத்த முயற்சியால்தான். உலகில் எத்தனை பேருக்கு நீரிழிவு உள்ளது என்ற மதிப்பீட்டையும் கூட்டமைப்பு வெளியிடுகிறது. 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 20 முதல் 79 வயது வரையிலானவர்களில் 53 கோடியே 70 லட்சம் பேருக்கு இந்நோய் இருந்தது.

சிங்கப்பூருக்கு வருவோம். இங்கே நீரிழிவுச் சங்கம் 1971ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. லாப நோக்கமற்ற அமைப்பு இது. சங்கத்தின் நிலையத்திற்குச் செல்பவரிடம் தாதியர் முதலில் கேட்பது, "என்ன சாப்பிடுறீங்க?" என்பதாக இருக்கலாம். 'சர்க்கரையைக் குறையுங்கள்' என்று சொல்வது எளிது. காலையில் இரண்டு பரோட்டாவும் ஒரு தே தாரிக்கும் சாப்பிட்டுப் பழகிய ஒருவருக்கு, எதை விட்டு எதை எடுத்துக்கொள்ளலாம் என்று காட்டுவதுதான் கல்வி. வீட்டிலேயே விரல்நுனியில் ஊசியால் குத்தி ரத்தச் சர்க்கரையை அளப்பதையும், இன்சுலின் ஊசியை எங்கே, எப்படிப் போட வேண்டும் என்பதையும் பயிற்சி பெற்றவர்கள் பொறுமையாகச் செய்துகாட்டுகிறார்கள்.

கண்களையும் பாதங்களையும் பரிசோதிப்பது சங்கத்தின் இன்னொரு முக்கியப் பணி. ஏன் குறிப்பாகப் பாதம்? நீண்டகாலம் சர்க்கரை கூடியிருந்தால் நரம்புகள் பாதிக்கப்படும். காலணிக்குள் கிடக்கும் சிறு கல்கூட உறுத்தாது. புண் இருப்பதே தெரியாமல் அது ஆழமாகிவிடும். ரத்தவோட்டமும் குறைந்திருப்பதால் எளிதில் ஆறாது. காலின் ஒரு பகுதியையே இழப்பவர்கள் பலருடைய கதை, வலிக்காத ஒரு சிறு புண்ணில்தான் தொடங்குகிறது. பரிசோதிப்பவர் மெல்லிய நைலான் இழை ஒன்றால் உள்ளங்காலைத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்பார். தெரியவில்லை என்றால், அன்று முதல் அவர் தம் பாதத்தைக் கண்ணால் பார்த்துத்தான் காக்க வேண்டும். குனிய முடியாத முதியவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். அல்லது, பேரப்பிள்ளையைக் கூப்பிடலாம்.

2016ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு 'நீரிழிவுக்கு எதிரான போர்' என்ற இயக்கத்தை அறிவித்தது. அடுத்த ஆண்டு, தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் திரு லீ சியன் லூங் இந்நோயைப் பற்றி விரிவாகப் பேசினார். சிங்கப்பூரர்களில் ஒன்பது பேரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு. 60 வயதைக் கடந்த இந்தியர்களிலோ பத்துப் பேரில் ஆறு பேருக்கு உண்டு என்றார். 2022ஆம் ஆண்டு இறுதியிலிருந்து, அதிகச் சர்க்கரை உள்ள புட்டிப் பானங்களும் டின் பானங்களும் 'நியூட்ரி-கிரேட்' குறியீட்டைத் தாங்கி விற்கப்படுகின்றன. 'போர்' என்ற சொல் எல்லாருக்கும் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. எதிரி நோய்தான், நோயாளி அல்லர். பேச்சுவாக்கில் இந்த வேறுபாடு சிலசமயம் மறைந்துவிடுகிறது. இனிப்பை அளவின்றித் தின்றதால்தான் வந்தது என்று உறவினர்கள் ஒருவரைக் குற்றம் சாட்டுவதை நீங்களும் கேட்டிருக்கலாம். மரபு, வயது, உடல் எடை, உடலுழைப்பு எனப் பல காரணங்கள் சேர்ந்தே இரண்டாம் வகை நீரிழிவு வருகிறது.

முதலாம் வகை வேறு. உடலின் நோய் எதிர்ப்பாற்றலே, இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களைத் தவறுதலாக அழித்துவிடுவதால் அது வருகிறது. இனிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. உங்கள் வகுப்பிலேயே ஒருவருக்கு அது இருக்கலாம். அவர் பாட நேரத்தில் திடீரென ஒரு மிட்டாயை வாயில் போட்டால், "உனக்குத்தான் சர்க்கரை நோயாச்சே!" என்று கேலி செய்துவிடாதீர்கள். கை நடுங்கி, வியர்த்து, பேச்சுக் குழறும் அளவுக்கு ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கலாம். அப்போது அவருக்கு உடனே தேவைப்படுவது 15 கிராம் சர்க்கரை. அதாவது, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை கரைத்த நீர் அல்லது அரைக் குவளைப் பழச்சாறு. 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். அவர் மயங்கிவிட்டாலோ, வாயில் எதையும் ஊற்றாமல் ஆசிரியரை அழைத்து, 995க்குத் தொலைபேசி செய்ய வேண்டும். முதலாம் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் 1970இல் அமெரிக்காவில் ஓர் அறநிறுவனத்தைத் தொடங்கினார்கள். தங்கள் பிள்ளைகளின் நோய்க்கு நிரந்தரத் தீர்வு காண, ஆய்வாளர்களுக்குப் பணம் திரட்டித் தருவது அவர்களின் நோக்கம்.

ஆய்வு என்றதும் தொலைதூர நாடுகளை மட்டும் நினைக்க வேண்டியதில்லை. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஓர் ஆய்வில், நீரிழிவு வரும் நிலையில் இருந்த 531 பேர் மூன்றாண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். அவர்களில் உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வரும் அபாயம் 28.5 விழுக்காடு குறைந்தது. 2006இல் வெளியான இம்முடிவு, நம்மைப் போன்ற உடல்வாகு உடையவர்களுக்கும் தடுப்பு முயற்சி பலன் தரும் என்று காட்டியது.

சிங்கப்பூர்க் கண் ஆய்வு நிலையம், 2007 முதல் 2009 வரை 40 வயதைக் கடந்த 3,400 இந்தியர்களின் கண்களைப் பரிசோதித்தது. நீரிழிவு இருந்தவர்களில் பத்துக்கு ஏறத்தாழ மூவருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. தொடக்கத்தில் பார்வை மங்காது என்பதால் படமெடுத்துப் பார்த்தால்தான் இது தெரியும். இத்தகைய படங்களைக் கணினியே வாசித்துப் பாதிப்பைக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவு முறையையும், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து அந்நிலையம் உருவாக்கியுள்ளது. அந்த 3,400 பேரில் நம் தாத்தா பாட்டி யாரேனும் இருந்திருக்கலாம். சில மணி நேரம் ஒதுக்கிக் கண்ணைக் காட்டிவிட்டு வந்ததை அவர்கள் பெரிதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். துண்டுப் பிரசுரங்கள் தமிழில் வருகின்றன. ஆனால், பெரியவர்கள் 'இனிப்புநீர்' என்கிறார்கள். அவை 'நீரிழிவு' என்கின்றன. 'விழித்திரை', 'மாவுச்சத்து' போன்ற சொற்களைப் பள்ளியில் படித்த உங்களுக்குத் தெரியும். பாட்டிக்குத் தெரியாமல் இருக்கலாம். மேசைமேல் இருக்கும் அந்தத் தாளை எடுத்து அவர் அருகில் அமருங்கள். 8.4 என்றால் என்ன என்று அவர் பேசும் தமிழிலேயே சொல்லுங்கள். கடைசியாகக் கண்ணைப் படமெடுத்தது எப்போது என்று கேளுங்கள். பிறகு, அடுத்த முறை மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அவர் சொல்லச் சொல்ல, அந்தத் தாளின் பின்புறத்தில் எழுதிக்கொடுங்கள்.